திருப்பிப் போடும் நேரம்

"அந்த மூடியத் தொடாதீங்க" என்று அவள் சமையலறையிலிருந்து சொல்லி முடிப்பதற்குள் கணவன் அதைத் திருகிவிட்டிருந்தான். போதாக்குறைக்கு, அவனும் பக்கத்து வீட்டுப் பெயிண்டருமாக மெத்தையின் ஒரு முனையைத் தூக்கியும் விட்டார்கள். காற்று மெத்தை என்று நினைத்தானாம். மூன்று வருடமாகத் தன் அம்மா படுத்திருந்தது காற்றின் மேலா தண்ணீரின் மேலா என்பதுகூட அந்த மகராசனுக்குத் தெரியாது. லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருப்பதில்லை. மெத்தையிலிருந்த தண்ணீர் முழுக்கக் கட்டிலுக்கடியில் விரித்திருந்த கம்பளத்தின் மேல் கொட்டியது.

அத்தை அன்று விடியற்காலையில்தான் போயிருந்தார். அவரை உள்ளறையில் கிடத்திவிட்டு, வருகிறவர்கள் உட்காரக் கூடத்தை ஒழித்துக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் கூத்து.

வேறு எது நனைந்திருந்தாலும் அவள் இப்படிப் பதறியிருக்க மாட்டாள். அது நாத்தனார் தன் முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த கம்பளம். நடுவில் வெள்ளை, சுற்றிலும் சிவப்புக் கரை. படுத்த படுக்கையான பிறகும் கட்டிலை அதன் மேல்தான் போட வேண்டும் என்று அத்தை அடம்பிடித்தார். நாத்தனார் எப்போது வந்தாலும் கண் முதலில் கம்பளத்துக்குப் போகும், அப்புறம்தான் அம்மாவுக்கு. புருஷனும் பெண்டாட்டியும் நாத்தனாருக்கு வைத்திருந்த ரகசியப் பெயர் கலெக்டர். கலெக்டர் பஸ் ஏறியாகிவிட்டது. ஒரு கம்பளத்தைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவள் என் அம்மாவை என்ன பார்த்திருப்பாள் என்று நாலு பேர் நடுவில் ஒரு வார்த்தை கேட்டால் போதும், மூன்று வருடம் பட்டதெல்லாம் வீண்.

இன்னொரு பயமும் இருந்தது. அத்தையின் மூச்சு நின்றபோது அவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. அப்பாடா என்றிருந்தது. அத்தைக்கும் சேர்த்துத்தான் அந்த அப்பாடா. ஆனாலும் அது முகத்தில் தெரிந்துவிடுமோ என்று காலையிலிருந்து தலையைக் குனிந்தே நடமாடிக்கொண்டிருந்தாள்.

"சுருட்டி வெளிய போட்டுரலாமா?" என்றான் கணவன்.

"சுருட்டினா சிவப்பு வெள்ளையில ஒட்டிக்கும். முதல்ல கட்டிலத் தூக்குங்க. கார்பெட்ட இழுக்காதீங்க, ஈரத்துல பிஞ்சுரும்."

வீட்டிலிருந்த துண்டு, பழைய சேலை எல்லாம் தீர்ந்தன. ஒற்றி ஒற்றி எடுத்தும் கால் வைத்த இடத்தில் சளக் சளக் என்றது. கரையோரம் ஒரு மூலையில் சாயம் லேசாக இளகத் தொடங்கியிருந்தது. அப்போதுதான் அலமாரி நினைவுக்கு வந்தது. அத்தைக்குப் போன வாரம் வாங்கிய டயப்பர் கட்டுகள், பிரிக்காமலே இருந்தன.

கணவன் தயங்கினான். "அம்மாவோடதுடி."

"இனிமே யாருக்குங்க? தண்ணி உறிஞ்சத்தானே செஞ்சிருக்கான். பிரிங்க."

வரிசையாகப் பரப்பி, மேலே ஏறி நின்று மிதித்தார்கள். ஒவ்வொன்றும் ஊதிக் கனத்தது. பெயிண்டர் ரொம்ப நேரம் அடக்கிப் பார்த்துவிட்டு, "சுவர்ல ஓதம் அடிச்சாக்கூட இத ஒட்டிப் பாக்கலாம் போலிருக்கேக்கா" என்றார். அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தால், வாசலில் பையும் கையுமாகக் கலெக்டர்.

"என்னடா இது?"

"அக்கா, நான்தான் தெரியாம மூடியத் திறந்துட்டேன்" என்றான் கணவன். அந்த மட்டில் அவன் நல்லவன்.

நாத்தனார் பையைக் கீழே வைத்தார். டயப்பர்களை ஒரு பார்வை பார்த்தார். அவளையும் பார்த்தார். உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் அழுகைச் சத்தம் கேட்டது, அப்புறம் அதுவும் நின்றது. கையிலிருந்த ஈர டயப்பரைக் கீழே போடலாமா கூடாதா என்று தெரியாமல் அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். போச்சு, சிரித்ததையும் பார்த்துவிட்டார்.

கதவு திறந்தது. நாத்தனாரின் கண்கள் வீங்கியிருந்தன.

"அம்மா முதுகப் பாத்தேன்" என்றார். "ஒரு புண்ணு கூட இல்ல."

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவ திருப்பிப் போடுவேன் அண்ணி."

"ராத்திரியுமா?"

"ராத்திரியும்தான்."

நாத்தனார் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கம்பளத்தில் ஏறினார். ஒரு மூலையைக் காலால் அழுத்திப் பார்த்தார். "இங்க இன்னும் ஊறிக்கிட்டு இருக்கு. இன்னொண்ணு குடு."

ஈரம் வடிந்ததும் நான்கு பேருமாகத் தூக்கி, பெயிண்டர் கொண்டுவந்த இரண்டு பெஞ்சுகளின் மேல் விரித்தார்கள். அடியில் டேபிள் ஃபேனை ஓடவிட்டார்கள். வந்தவர்களெல்லாம் அதைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்து துக்கம் விசாரித்தார்கள். நாலு மணிக்கு அத்தையை எடுத்தார்கள்.

எல்லாம் முடிந்து ஆண்கள் வீடு திரும்பியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கணவன் நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தான். கூடத்தில் பெண்கள் இருவரும் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்தார்கள். கம்பளத்தில் சாயம் ஓடிய இடம் ஒரு விரலகலம்தான். தெரிந்து தேடினால்தான் கண்ணில் படும்.

"மூணு வருஷமா போன் அடிச்சாலே அம்மாவுக்கு ஏதோன்னுதான் எடுப்பேன்" என்றார் நாத்தனார். "இன்னிக்கு வரும்போது பஸ்ல தூங்கிட்டேன். அம்மா செத்துக் கிடக்கா, நான் அசந்து தூங்கிட்டு வரேன். யார்கிட்டயும் சொல்லிராத."

காலையிலிருந்து குனிந்திருந்த தலையை அவள் அப்போதுதான் நன்றாக நிமிர்த்தினாள். "சொல்ல மாட்டேன் அண்ணி" என்றாள்.

ஜன்னலோரம் அவள் போன் ஒலித்தது. முழுதாக ஒலித்து முடிப்பதற்குள் எழுந்து கட்டில் இருந்த இடத்துக்குப் போய்விட்டாள். அங்கே பெஞ்சும் கம்பளமும் இருந்தன. கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"யாரு போன்ல?"

"போன் இல்ல அண்ணி. அலாரம். திருப்பிப் போடுற நேரம்."

நாத்தனார் எழுந்து வந்து கம்பளத்தின் மறுமுனையைப் பிடித்தார். "அடிப்பக்கமும் காயணும்ல. தூக்கு."

தூக்கினார்கள். "தலைமாட்டுப் பக்கம் மெதுவா" என்று அவள் வாய் தன்னால் சொன்னது. நாத்தனார் மெதுவாகவே திருப்பினார்.

பிறகு அவளுடைய போனை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். "அடுத்த தடவ நான் திருப்பிக்கிறேன். நீ படு."

அவள் பாயை விரித்ததுதான் தெரியும். தலையணையைக்கூட எடுக்கவில்லை. நாத்தனார் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கம்பளத்துக்கடியில் ஓடிக்கொண்டிருந்த ஃபேனை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.