கம்ப்ரஸருக்கு ரெஸ்ட்

இந்த மாதத்தில் மூன்றாவது முறையாக அந்தப் பெயின்ட் பட்டறைக்குப் போனேன். நான் வாங்கிக் கொடுத்த ஸ்க்ரூ கம்ப்ரஸரில் எண்ணெய் மறுபடியும் பால் மாதிரி வெளுத்திருந்தது. தண்ணீர் கலந்தால்தான் அப்படி ஆகும்.

"இதை அடிக்கடி நிறுத்துறீங்களா, மாமா?" என்றேன். பட்டறை முதலாளி என் மனைவியின் தாய்மாமா. கத்தவும் முடியாது.

"அரை மணிக்கு ஒரு தடவை ரெஸ்ட் குடுக்கிறேன், மாப்ள. பாவம், சூடாகுதுல்ல?"

எங்கே போய் முட்டிக்கொள்வதென்று தெரியவில்லை. "அதெல்லாம் பழைய பிஸ்டன் மெஷினுக்கு! இதுல ரெண்டு ஸ்க்ரூ ஒன்னுக்குள்ள ஒன்னு சுத்திக் காத்தை நெருக்குது. சூட்டை எண்ணெய் வாங்கிக்கும். நாள் பூரா ஓடலாம். நல்லா சூடேறினாதான் உள்ள சேர்ற ஈரம் ஆவியாப் போகும். எத்தனை தடவை சொல்றது?"

"என்ன இருந்தாலும் மனசு கேக்கல," என்று சிவப்புப் பொத்தானை அழுத்தினார். கம்ப்ரஸர் நின்றது.

வேர்க்க விறுவிறுக்க ஒரு கார் கதவை உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தார் அங்கே வேலை செய்யும் பெயின்டர். "கம்ப்ரஸர் நின்னா தேய்க்கிற மெஷினுக்குக் காத்து வராது சார். கையாலதான் தேய்க்கணும்."

"அப்ப உங்களுக்கு எப்ப ரெஸ்ட்டு?"

"நான் என்ன கம்ப்ரஸரா, சார்?"