கயிற்றுக் கணக்கு

...போன் இன்னும் அடிக்கவில்லை, அடிக்கும், அடிக்காமல் எங்கே போகும், நாளைக்கு மகளுக்குக் கணக்குப் பரீட்சை, லிஃப்டை நிறுத்தியாகிவிட்டது, மோட்டார் ஓடினால் அவள் குரல் கேட்காது, மொட்டைமாடிக்கு மேலே இந்த மெஷின் ரூமில் கிரீஸ் வாசனையும் அவனும்தான், கீழே வாட்ச்மேன் யாரையோ சமாளித்துக்கொண்டிருக்கிறார், "மெக்கானிக் பார்த்துட்டுத்தான் இருக்காரும்மா"... பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான், போனை. கணக்குக்கு மட்டும் கூப்பிடலாம், கதை பேசக் கூடாது, பிரிந்துபோன அன்று மனைவி போட்ட சட்டம். மனைவிக்குக் கணக்கு வராது. அந்த ஒரு ஓட்டை வழியாகத்தான் மகள் தினமும் சாயங்காலம் இங்கே வந்து போகிறாள்... சாப்பிட்டாயா என்று கேட்பதைக்கூடக் கணக்குக்குள் ஒளித்துத்தான் கேட்க வேண்டும், உன்கிட்ட பத்து பிஸ்கட் இருந்தது, இப்போ எத்தனை மிச்சம் என்று.

அடித்தது. "அப்பா, எழுதிக்கோ. இருபது மீட்டர் கயிறு. ரெண்டு துண்டா வெட்டியாச்சு. ஒண்ணு மத்ததைவிட நாலு மீட்டர் நீளம். சின்னத் துண்டு எவ்வளவு?" யார் வெட்டினார்கள், ஏன் வெட்டினார்கள், எந்தக் கணக்கும் கேட்பதில்லை... "சமன்பாடு எழுதினியா குட்டி?" "சின்னது எக்ஸ், பெரிசு ஒய். அதோட மாட்டிக்கிட்டேன்." அதே இடம், அதே தப்பு, மூன்று மாதமாக ஒய்யை எழுதிவிட்டு நின்றுவிடுகிறாள், இவன் பின்னாலிருந்து தள்ளிவிட்டால் விடை வருகிறது, மறுநாள் மறுபடி ஒய். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அவளே ஓடிவிடுவாள், அப்புறம் இந்த போன் எதற்கு? சொல்லாவிட்டால்? நாளைக்குப் பரீட்சை ஹாலில் அந்த ஒய்யை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், தள்ளிவிட ஆள் இருக்காது... என்ன அப்பன் இவன், மகளுக்குக் கணக்கு வராமல் இருந்தால்தான் தன் சாயங்காலம் பிழைக்கும் என்று... வாட்ச்மேன் மூச்சு வாங்கப் படியேறி வந்து தலையை நீட்டினார், "அண்ணே, நாலாவது மாடிக்காரர் கத்துறாரு, இன்னைக்கு ஓடுமா, இல்ல அவரை நான் தூக்கிட்டு வரவா?" கையைக் காட்டி அனுப்பினான், தொண்டையைச் செருமினான், சொல்லியே விட்டான். "தெரியாதது ரெண்டு இருந்தாலும் ஒண்ணுக்கு மட்டும் பேர் வை குட்டி. சின்னது எக்ஸ்னா பெரிசு எக்ஸ் கூட்டல் நாலு. எல்லாக் கணக்கும் இப்படித்தான். இனிமே நான் தேவையில்ல."

பென்சில் சத்தத்துக்குக் காத்திருந்தான், வரவில்லை. பிறகு ரொம்பச் சின்னக் குரலில், "தெரியும்ப்பா. டீச்சர் போன மாசமே சொல்லிக்குடுத்துட்டாங்க. எட்டு மீட்டர்." பின்னாலிருந்து அவள் அம்மா, "முடிஞ்சுதா இல்லையா?" "இல்லம்மா, எனக்கு இன்னும் வரல, பரீட்சை முடிஞ்சாலும் நாளைக்கும் கேக்கணும்." போன் அடங்கிவிட்டது.

சுவிட்சைப் போட்டான், மோட்டார் உறுமியது, கம்பிக் கயிறுகள் ஓடத் தொடங்கின, கீழே யாரோ ஏறிவிட்டார்கள்... போன மாசமே தெரியுமா, அப்படியானால் இத்தனை நாளும் அந்த ஒய் எதற்கு, அப்பா வேண்டும் என்றா, இல்லை, அப்பாவுக்கு யாருமே இல்லையே என்று பாவம் பார்த்தா, பன்னிரண்டு வயதுக்காரிக்கு இதெல்லாம் தெரியுமா... நாளைக்கு அடித்தால் கேட்டுவிடலாம், கேட்டுவிட்டால் அதற்கடுத்த நாள் அடிக்குமா...