முப்பதாவது தலை

பாய்மரப் படகுக் கிளப்பின் செயலாளருக்குத் தன் சம்பந்தியின் மேல் இருந்தது சாதாரணப் பொறாமை இல்லை. அதை மட்டும் பாயில் பிடிக்க முடிந்திருந்தால் படகு மூன்று கண்டங்களைத் தாண்டியிருக்கும்.

காரணம் இல்லாமலும் இல்லை. பதினோரு வருஷமாக அந்த நாற்காலி அவருடையது. புகார் நோட்டில் யார் எதை எழுதினாலும், கீழே அழகான கையெழுத்தில் 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதிவிடுவார். உடை மாற்றும் அறையில் மழை பெய்தால் வெளியே நின்றால்தான் நனையாமல் இருக்கலாம். அந்தக் கூரையும் பரிசீலனையில்தான் இருந்தது.

பெண்ணைக் கட்டிக்கொடுத்த கையோடு, மாப்பிள்ளையின் அப்பாவையும் கிளப்பில் உறுப்பினராகச் சேர்த்துவிட்டது அவரேதான். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? மனிதர் பெரிய ஓட்டலில் முப்பது வருஷம் பராமரிப்பு பார்த்தவர். வந்த முதல் மாதம் கூரை, இரண்டாம் மாதம் வெந்நீர். மூன்றாம் மாதம் தூசி தின்றுகொண்டிருந்த மாடிக் கூடத்தை நடன வகுப்புக்கு வாடகைக்கு விட்டு, சந்தாவை ஒரு காசு ஏற்றாமல் படகுத்துறைக்குப் புதுப் பலகை போட்டுவிட்டார். போகிற வருகிறவர்களெல்லாம் "உங்க சம்பந்தி தங்கமான மனுஷன் சார்" என்றபோது, செயலாளரின் வயிற்றில் எரிந்த நெருப்பில் கிளப் முழுவதுக்கும் வெந்நீர் போட்டிருக்கலாம்.

பொதுக்கூட்டம் நெருங்கியது. தேர்தல் வைத்தால் நாற்காலி போய்விடும் என்று ஏரியில் நிற்கும் கொக்குக்குக்கூடத் தெரியும். ஆனால் விதி ஒன்று இருந்தது: முப்பது பேர் சேராவிட்டால் கூட்டம் இல்லை, பழைய நிர்வாகமே இன்னொரு வருஷம். தேதி குறிப்பது செயலாளரின் உரிமை. மனிதர் பதினோரு வருஷக் காற்றுக் குறிப்பேட்டைப் புரட்டி, வருஷத்திலேயே உச்சக் காற்று அடிக்கும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, காலை பதினொரு மணிக்கு வைத்தார். அந்தக் காற்றை விட்டுவிட்டு எவன் கூட்டத்துக்கு வருவான்?

ஒருவனும் கூட்டத்தை நினைக்கவே இல்லை. எட்டு மணிக்கெல்லாம் ஏரி நிறையப் பாய்கள். தன் தலையும் கணக்கில் சேர்ந்துவிடக் கூடாதே என்று செயலாளரும் தனியாகப் படகேறினார்.

பத்தரைக்குக் காற்று செத்தது. லேசாகக் குறையவில்லை, அடியோடு செத்தது. பாய்கள் துவைத்துப் போட்ட போர்வையாகத் தொங்கின. சம்பந்தி மோட்டார் படகை எடுத்துவந்து ஒவ்வொருவராகக் கரைக்கு இழுத்தார். கடைசியில் செயலாளரிடம் வந்தார்.

"சம்பந்தி, கயிறைப் பிடிங்க. இருபத்தொம்பது பேர் ஆயிட்டோம். உங்களுக்காகத்தான் காத்திருக்கு."

"நீங்க போங்க. காத்து வரும்."

"எப்ப?"

"வர்றப்ப வரும்."

"தண்ணியாவது குடிங்க."

"தாகமில்ல." நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதால் அதைச் சொல்லவே அரை நிமிஷம் ஆனது.

சம்பந்தி திரும்பிப் போனார். செயலாளர் வெற்றிக் களிப்பில் வெயிலில் வெந்துகொண்டிருந்தார். கால் மணி நேரத்தில் பார்த்தால், மோட்டார் படகுக்குப் பின்னால் கோர்த்துக் கட்டிய படகுகளில் மொத்தக் கிளப்பும் கல்யாண ஊர்வலம் மாதிரி வருகிறது! வந்து, அவரை நடுவில் வைத்து வளைத்துக்கொண்டது.

"சார்," என்றார் முன்படகில் இருந்த பொருளாளர் அம்மா, விதிப்புத்தகத்தால் வெயிலை மறைத்தபடி. "கிளப் எல்லைக்குள்ள எங்க வேணா கூட்டம் நடத்தலாமாம். மஞ்சள் மிதவை வரைக்கும் நம்ம குத்தகை. பத்திரத்துல உங்க கையெழுத்துதான் இருக்கு. நீங்க மிதவைக்கு இந்தப் பக்கம் இருக்கீங்க."

செயலாளர் மிதவையைப் பார்த்தார். பத்தடி தள்ளி இருந்தது. துடுப்பைத் தேடினார். சோம்பேறிகள்தான் துடுப்பு கொண்டுவருவார்கள் என்று ஊருக்கெல்லாம் உபதேசித்தவர் ஆயிற்றே, இல்லை.

"தலையை எண்ணுங்க சார், அது உங்க வேலை."

யாராவது தண்ணீரில் விழுந்துவிட மாட்டார்களா என்று மெதுவாக எண்ணினார். முப்பது.

கை தூக்கும் ஓட்டு. இருபத்தெட்டுக் கைகள் சம்பந்திக்கு உயர்ந்தன. செயலாளருக்கு இரண்டு. ஒன்று அவருடைய கை. இன்னொன்று யாருடையது என்று கழுத்தை நீட்டிப் பார்த்தார். சம்பந்தியுடையது.

தோற்றதைக்கூடச் செரித்திருப்பார். அந்த ஒரு கைதான் நெஞ்சைக் கரித்தது. நல்லவனாக இருப்பதிலுமா இந்த மனுஷன் முந்திக்கொள்ள வேண்டும்?

"ஏன்யா எனக்குப் போட்டீங்க?"

"இத்தனை வருஷம் கிளப்பைப் பார்த்திருக்கீங்க. யாராவது ஒருத்தர் போட வேணாமா?" என்றபடி, சம்பந்தி குனிந்து செயலாளர் படகின் மூக்கில் இழுவைக் கயிற்றைக் கட்டினார்.

மோட்டார் உறுமியது. செயலாளர் தவழ்ந்து போய் அந்த முடிச்சின் மேல் குனிந்து ஆராய்ந்தார். இடமும் வலமும் பார்த்தார், இழுத்தும் பார்த்தார். ஒரு குறை இல்லை.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று கத்தினார்.

"என்ன சம்பந்தி?"

"முடிச்சு சரியில்ல."

எல்லோரும் காத்திருக்க, அதை அவிழ்த்து, அதே முடிச்சைத் தன் கையால் மறுபடி போட்டுக்கொண்டார்.

"ம். இப்பப் போகலாம்."