இருமும் வேலி

மருந்துக்காரி வீட்டுக் கொல்லையில் நின்ற ஆடாதொடைச் செடி, கோடை தொடங்கிய அன்று இருமியது. அடுப்பிலிருந்த கஷாயத்தை இறக்கி வைத்துவிட்டு அவள் போய்க் காதுகொடுத்தாள். இரண்டு முறை இழுத்து மூன்றாவதில் உடைகிற அந்த இருமல் தன் வீட்டுக்காரருடையது என்று கேட்டவுடனே தெரிந்துவிட்டது. கல் அரைக்கும் ஆலையில் மூட்டை தைத்தே அவர் சேர்த்த இருமல் அது. அவரோ உள்ளே வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். முற்றிய இலைகளைச் சுண்டக் காய்ச்சி, திப்பிலிப் பொடியும் தேனும் கலந்து, அவள்தான் காலையில் அவருக்குக் குடிக்கக் கொடுத்திருந்தாள். விஷயம் பரவியதும் மூட்டை தைப்பவர்கள் எல்லாரும் வந்து வாங்கிக் குடித்தார்கள். செடி அத்தனை பேருக்கும் சேர்த்து இருமியது. எது யாருடைய இருமல் என்று தெருவில் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள்.

ஆலைத் தூசியைப் பற்றி அவர்கள் புகார் சொன்னபோது ஆலையின் மேலாளர் தெருவுக்கே வந்தார். "ஒருத்தருக்கும் இருமலே இல்ல. அப்புறம் என்ன தூசி, தூசின்னு ஊரைக் கூட்டறீங்க?" என்றார்.

"இருமல் கொல்லையில இருக்குங்க. வந்து கேளுங்க," என்றாள் மருந்துக்காரி.

அவர் கேட்டார். மறுநாள் அரிவாளோடு ஆட்களை அனுப்பினார். செடியைக் கணுக்கணுவாக நறுக்கியவர்கள், தூரம் போகச் சோம்பல்பட்டு, ஆலைச் சுவரை ஒட்டியே வீசிவிட்டுப் போனார்கள். ஆடாதொடையை நறுக்கி வீசினால் நட்டு வைத்த மாதிரிதான். அது ஆலைக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே இருமல் வீட்டுக்காரரிடம் திரும்பி வந்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவர் மூச்சுக்குத் தவித்தார். இவர் போய்விடுவாரோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய், காவலாளியின் கண்முன்னாலேயே நறுக்குகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

"யாரைக் கேட்டு ஊத்தறே?"

"யாரைக் கேட்டு வெட்டினீங்க?"

தினமும் போய் ஊற்றினாள். முதல் மழைக்குள் சுவர் நெடுக வேலியாகத் துளிர்த்தது. வீட்டுக்காரரின் இருமல் வேலிக்குப் போய்விட, அவர் பழையபடி குறட்டை விட்டார். மேலாளர் வெட்டச் சொன்னார். வெட்டிய இடத்தில் இரட்டிப்பாக முளைத்தது. ஆட்டை விட்டுப் பார்த்தார். ஆடு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. இப்படியே வருடங்கள் ஓடின. சாமான் வாங்க வந்தவர்களிடம் அவர் கத்திக் கத்திப் பேச வேண்டியிருந்தது. அந்த வேலியின் இருமலைத் தாண்டித்தான் அவர் குரல் கேட்க வேண்டும்.

ஒருநாள் அவரே இருமிக்கொண்டு மருந்துக்காரியின் வாசலில் வந்து நின்றார். அவள் காய்ச்சி, டம்ளரை நீட்டினாள்.

"குடிங்க. ஆனா உங்க இருமலும் வேலியிலதான் கேக்கும். அப்புறம் தூசி இல்லைன்னு சொல்ல வாய் வராது."

டம்ளரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் குடித்தார்.

மறுநாள் ஆலை வாசல் பக்கத்துக் கிளைகள் அவர் குரலில் இருமின. மூட்டை தைப்பவர்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து, சிரிக்காமல், கைகட்டிக் கேட்டார்கள். அந்த மாதமே அரவை எந்திரத்துக்கு மூடியும், தூசியை அடக்கத் தண்ணீர்த் தெளிப்பானும் வந்தன.

புது இருமல் எதுவும் வேலிக்கு இப்போது வருவதில்லை, பழையவற்றையே இருமிக்கொண்டிருக்கிறது. மேலாளர் வேலையை விட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். அவர் குரலில் இருமுகிற அந்த வாசல் பக்கம் மட்டும் வாடிவிடக் கூடாதென்று, மருந்துக்காரி அங்கே ஒரு குடம் கூடுதலாகவே ஊற்றுகிறாள்.