கயிற்றில் அடைந்த பொடி ஈ

மல்லாங்கிணறு மளிகைக்கடை உதயகுமாருக்கு வயிறு எரிவதற்குப் பெரிய காரணமெல்லாம் வேண்டியதில்லை. பெண்டாட்டி யாரிடமாவது சிரித்துப் பேசினாலே போதும். இந்தத் தடவை மெட்ராஸ் ஐ வந்து சேர்ந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் அவன் பெண்டாட்டி தங்கச்செல்விக்குக் கண் சிவந்திருந்தது. லோடு ஆட்டோவில் கருப்பட்டி கொண்டுவரும் மருதுபாண்டிக்கும் அன்றைக்கே சிவந்திருந்தது. தெருவில் வேறு ஒரு ஆளுக்கும் இல்லை.

நோய்க் கண்ணைப் பார்த்தால்தான் ஒட்டும் என்பது உதயகுமாரின் தீர்மானம். அப்படியானால் இந்த இரண்டு பேரும் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டார்கள்? தான் அருப்புக்கோட்டைக்குச் சரக்கெடுக்கப் போன மத்தியானமெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. போதாததற்கு மருதுபாண்டி கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்து நின்றான். அது அவனுக்குப் பொருத்தமாக வேறு இருந்து தொலைத்தது!

அவன் போனதும் உதயகுமார் ஆரம்பித்தான். "ஒங்க ரெண்டு பேருக்கு மட்டும் எப்படி வந்துச்சு?"

தராசுக்கு மேலே பொட்டலம் கட்டும் சணல் கயிறு தொங்கியது. கயிறே தெரியாமல் பொடி ஈ அடைந்திருந்தது. தங்கச்செல்வி அதைக் காட்டினாள்.

"கருப்பட்டிக்கு வர்ற ஈ, கண்ணுல வந்து மொய்க்குது. மருந்தடிங்கன்னு பத்து நாளாச் சொல்றேன். லோடு எறக்கிட்டு அவுகளும் இதுக்குக் கீழதான் ஒக்காந்து தண்ணி குடிப்பாக."

"அவுகளா? அவனுக்கு என்னடி மரியாத?"

கயிற்றைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினான். ஈயெல்லாம் கிளம்பி அவன் முகத்தில் அப்பின. கண்ணைக் கசக்கிக்கொண்டே, கேட்கக் கூடாததைக் கேட்டான்.

"அவனப் பாக்காமயா ஒனக்கு ஒட்டுச்சு?"

தங்கச்செல்வி அழவில்லை. பையில் நாலு சேலையைத் திணித்தாள். "எங்க ஆத்தா வீட்டுக்குப் போறேன்" என்று காரியாபட்டி பஸ்ஸில் ஏறிவிட்டாள். போனால் போகட்டும் என்று உதயகுமாரும் வீம்பாகக் கடையில் உட்கார்ந்திருந்தான்.

மூன்றாம் நாள் காலையில் அவனுக்கு இமை இரண்டும் பூளையால் ஒட்டிக்கொண்டன. வெந்நீர் வைத்துக் கொடுக்கக்கூட வீட்டில் ஆளில்லை. ஒரு கண்ணை எப்படியோ பிய்த்துத் திறந்து போன் போட்டான்.

"செல்வி, எனக்கும் வந்துருச்சு. மருந்து விட ஆளில்ல. வந்துரு தாயி."

தங்கச்செல்வி நிதானமாகக் கேட்டாள்.

"யாரப் பாத்தீக?"

"யாரையும் பாக்கல செல்வி! ஈதான், அந்தக் கயித்து ஈதான்!"

"பாக்காம ஒட்டாதுல்ல? மொதல்ல அவ பேரச் சொல்லுங்க, அப்புறம் வாரேன்."