உள்ளே மாலை ஆறரை

அவள் தனியாகக் கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டிய முதல் கார் காலை பதினொரு மணிக்குக் கடையை விட்டுக் கிளம்பியது. காருக்குள் அப்போது மாலை ஆறரை. வண்டிக்குச் சொந்தக்காரரான பல் டாக்டர் தெருமுனை திரும்புவதற்குள் இரண்டு முறை கொட்டாவி விட்டார். வேலை முடிந்துவிட்டது என்ற நினைப்பில் க்ளினிக்கைத் தாண்டி நேராக வீட்டுக்கே போய் இறங்கினார். மறுநாள் கடைக்கு வந்து, "வெளியில வெயில் மண்டையைப் பிளக்குது, உள்ள கொசு கடிக்கிற நேரமா இருக்கு" என்று புகார் சொன்னார். ஃபிலிமை உரித்துவிடலாமா என்று கேட்டதும், "ஐயோ, அதுல மட்டும் கை வெச்சிடாதீங்க" என்று சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கடை முதலாளி எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தார். அதே ரோல், அதே சோப்புத் தண்ணீர், தண்ணீரை வழித்தெடுக்கும் அதே ரப்பர் பட்டை. அவர் ஒட்டினால் கண்ணாடி கறுத்தது, அவ்வளவுதான். அவள் ஒட்டினால் மாலை வந்தது.

அவளுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. பதினெட்டு வருடம் தையல் கம்பெனியில் துணி வெட்டியவள். கம்பெனியை மூடியபின் எத்தனையோ வேலை கிடைத்திருக்கும். கார் கண்ணாடியைக் கறுப்பாக்கும் கடையைத் தேடி வந்ததற்கு அவள் கணவன்தான் காரணம். வெல்டரான அவன் ஒருநாள் அவசரத்தில் முகக்கவசம் போடாமல் ஒரு இரும்புக் கதவைப் பற்றவைத்தான். அன்றிலிருந்து வெயிலோ விளக்கோ பட்டால் கண்ணுக்குள் ஊசி இறங்கியது. அந்திக்கருக்கல் மட்டும் அவனை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அது இருப்பதே கால்மணி நேரம். அவன் செருப்பை மாட்டி வாசலுக்கு வருவதற்குள் தெருவிளக்குகள் எரிந்து உள்ளே துரத்திவிடும். பிறகு அதையும் விட்டுவிட்டான். ஜன்னலில் போர்வையை ஆணியடித்துக்கொண்டு ஆறு வருடம் உள்ளறையிலேயே கிடந்தான்.

வேலை அவளுக்கு லேசில் வரவில்லை. துணி கைக்குப் படியும், ஃபிலிம் தண்ணீருக்குத்தான் படியும் என்று விளங்கவே ஒரு மாதம் ஆயிற்று. முதுகுத்தாளை உரித்ததும் பசைப்பக்கம் தன்னோடு தானே ஒட்டிக் கசங்கும். "தண்ணியில கஞ்சத்தனம் பண்ணாதீங்கக்கா, இன்னும் அடிங்க" என்பார் முதலாளி. அடித்தால் கொப்புளம் கொப்புளமாகக் காற்று நிற்கும். எல்லாம் சரியாக வந்தால் நட்டநடுவில் ஒரே ஒரு தலைமுடி சொகுசாகப் படுத்திருக்கும். அவள் தலையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டாள். மின்விசிறியை நிறுத்தி, காற்றிலேயே தண்ணீரைத் தெளித்துத் தூசியை அடக்கினாள். பின்கண்ணாடியின் வளைவுக்குச் சூட்டுக்காற்றில் ஃபிலிமைச் சுருக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பல் டாக்டர் வந்துபோன சமயத்தில், அவள் பட்டையை நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுக்கும் அழகைப் பார்க்கவே, டயருக்குக் காற்றடிக்க வந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள்.

முதலாளியின் பழைய வேனைக் கேட்டு வாங்கி ஏழு கண்ணாடிக்கும் ஒட்டினாள். கணவனின் கண்ணைத் துண்டால் கட்டி, கையைப் பிடித்து அழைத்துவந்து உட்காரவைத்தாள். வண்டி மூன்றாவது தெருவைத் தாண்டியபோது அவன் துண்டை லேசாக விலக்க, பின்ஜன்னல் ஓரத்தில் நூலளவு விட்டுப்போன இடைவெளி வழியே பட்டப்பகல் உள்ளே பாய்ந்தது. அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அலறினான். வீடு வந்ததும், "இனிமே என்னைக் கூப்பிடாத" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அவள் வேனைத் திரும்பக் கடைக்கே ஓட்டிப்போனாள். ஏழு கண்ணாடியிலும் ஃபிலிமை உரித்தாள், பசையைச் சுரண்டினாள், ஒரு கண்ணாடிக்கு ஒருநாள் என்று மறுபடி ஒட்டினாள். எட்டாம் நாள் மதியம் உள்ளறைக்குப் போய், "நூல்கூட நுழையாது. நுழைஞ்சா இந்தத் தொழிலையே விட்டுடறேன், வாங்க" என்றாள். அவன் எழுந்து உட்கார்ந்து துண்டை எடுத்துக் கட்டிக்கொண்டான்.

பெரிய சாலையில் போக்குவரத்துப் போலீஸ்காரர் வேனை நிறுத்தினார். கண்ணாடியில் எவ்வளவு கறுப்பு என்று கருவியை வைத்து அளந்தார். வெறும் கண்ணாடி என்றது கருவி. கதவு வழியே தலையை நுழைத்தார். குளுகுளுவென்று இருந்தது, பறவைகள் கூடடையும் சத்தம் கேட்டது. தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தவர், "உள்ள பொழுது சாயறதுக்கு நான் கேஸ் போட முடியாது. போங்கம்மா" என்றார்.

கதவைச் சாத்தியபிறகு கணவன் துண்டை அவிழ்த்தான். ஒரு கண்ணைத் திறந்தான், அப்புறம் மற்றதை. சாலையைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தான்.

"என்னடி, இவ்வளவு நரைச்சுட்ட?"

"நீங்க பாக்காத நேரத்துல நரைச்சது" என்றாள் அவள். வண்டியை எடுத்தாள்.

அதற்குப் பிறகு பதினோரு வருடம் அவர்கள் மதியச் சாப்பாட்டை மாலை ஆறரைக்குத்தான் சாப்பிட்டார்கள், வேனை எங்கேயாவது நல்ல வெயிலில் நிறுத்திவைத்து.