லமீன் அமைதியடைந்த கதை

என் கணவர் லமீன் வாழ்நாள் முழுக்கக் கத்திய மனிதர். எங்கள் துறைமுக ஊரான பிஸெர்த்தில் வண்டி ஓட்டும் உரிமம் கேட்டு வருபவர்களின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அவர்களைச் சோதிப்பது அவர் உத்தியோகம். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் பிரேக் மிதிக்கக் கற்றார்கள். வீட்டுக்கு வந்தாலும் சோதனை ஓயாது. நான் ரொட்டி வெட்டினால் கோணல், மகள் விதாத் கதவைச் சாத்தினால் சத்தம், இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தால் அது பெரிய குற்றம்.

ஓய்வு பெற்ற மறு வருடம் ரத்தக் கொதிப்பு வந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்த வைத்தியர், மனசை லேசாக்க ஏதாவது செய்யுங்கள் என்றார். கலாச்சார மன்றத்தில் ஒரு பெண் நீர்வண்ண வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். படம் போடத் தெரிய வேண்டாம், மூச்சு விடத் தெரிந்தால் போதும் என்பது அவள் கொள்கை. இவருக்கும் அந்தத் தகுதி இருந்ததால் சேர்ந்துகொண்டார்.

முதல் நாள் திரும்பி வரும்போதே குரல் மாறியிருந்தது. தொண்டைக்குப் பதிலாக மூக்கு வழியாகப் பேசினார்.

"மஹ்பூபா, இன்னைக்கு ஒரு எலுமிச்சம்பழத்தப் பாத்தேன்."

"நான் தினமும் பாக்கறேன்."

"நீ பாக்கறதில்ல. பிழியற. ரெண்டும் வேற."

அன்றிலிருந்து சாப்பாட்டு மேசை அவருடையதாகிவிட்டது. தாளை நனைப்பார். கண்ணை மூடிக் காத்திருப்பார். நீலத்தைத் தொட்டு ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, அது பரவுவதைப் பார்த்துக்கொண்டே மூச்சை உள்ளே இழுத்து வெளியே விடுவார். ஒரு காலைப்பொழுதுக்கு ஒரு வானம். வானம் என்று அவர் சொன்னால்தான் தெரியும். பழைய துறைமுகம் என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன். நான் அடுப்படியில் நின்றபடி சாப்பிட்டேன். உரலில் சீரகம் இடித்தால், "மெதுவா இடி, நீலம் காஞ்சிட்டிருக்கு" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

அக்கம்பக்கத்தில் அவருக்கு ஒரே புகழ். மாடிவீட்டு ராத்யா படிக்கட்டில் என்னை நிறுத்தி வைத்துச் சொன்னாள்: "லமீன் ஐயா தேனா மாறிட்டாரே. நீ குடுத்து வெச்சவ."

குடுத்து வெச்சவள்தான். வீடு அமைதியாக இருந்ததில் எனக்கும் சுகம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோபத்தை அவராலேயே அடக்க முடியாத ஒரு வியாதி என்று நம்பித்தான் இத்தனை வருடம் பொறுத்துக்கொண்டிருந்தேன். இப்போது பார்த்தால், ஒரு பூனைவால் பருமன் தூரிகைக்கு அது அடங்கிவிட்டது. அடக்க முடிந்திருக்கிறது. எங்களுக்காக அடக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

வசந்த விடுமுறைக்கு விதாத் ஸ்ஃபாக்ஸிலிருந்து தன் மகள் ஷிராஸை அழைத்துக்கொண்டு வந்தாள். இரண்டாம் நாள், குழந்தை மேசைமேல் எட்டிப் பார்த்தபோது முழங்கை பட்டுத் தண்ணீர்க் குவளை சாய்ந்தது. பாதி முடிந்த வானத்தின்மேல் கலங்கல் தண்ணீர் முழுவதும் கொட்டிவிட்டது. விதாத் ஒரே தாவலில் குழந்தையை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். யோசித்துச் செய்ததல்ல. அவள் உடம்பே கற்று வைத்திருந்த பாடம்.

லமீன் புன்னகை செய்தார்.

"எதுக்கு பயம்? தண்ணி அதுக்குத் தெரிஞ்ச வழியில போகுது. வா குட்டி, ஜத்திகிட்ட வா. எப்படிப் பரவுது பாரு, அழகா இருக்கில்ல?"

ஷிராஸ் போய்த் தாத்தா மடியில் ஏறிக்கொண்டாள். விதாத் சாய்ந்த குவளையை நிமிர்த்தி வைத்தாள்.

"பாபா, நான் ஹரீஸா மொளகா விழுதைக் கிண்ணத்தோட கொட்டினது ஞாபகம் இருக்கா?"

"எப்ப?"

"இவ வயசுல. படிக்கட்டுல நிக்க வெச்சீங்க. படிக்கட்டு விளக்கு அணைஞ்சும் உள்ள கூப்பிடல. போற வர்றவங்க எல்லாரும் என்னைத் தாண்டிப் போனாங்க."

லமீன் தூரிகையைக் கழுவி, ஒரு துணியில் ஒற்றி, அவளிடம் நீட்டினார்.

"உக்காரும்மா. மூச்ச உள்ள இழு. பழசெல்லாம் மேகம் மாதிரி. வரும், பாத்துட்டு விட்டுடணும்."

"யாரு விடணும், பாபா? வெளிய நின்னவளா, நிக்க வெச்சவரா?"

"பாத்தியா, மூச்சு வேகமாயிடுச்சு."

விதாத் தூரிகையை வாங்கவில்லை. குழந்தையின் ஈரக் கையைத் துடைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் மேசையருகே போனேன்.

"அவகிட்ட ஒரு வார்த்தை, தப்புதான்னு சொன்னா உங்க வானம் இடிஞ்சு விழுமா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "என் அமைதியக் கெடுக்காத, மஹ்பூபா."

என் அமைதி என்றார். வீட்டில் வேறு யாருக்கும் அதில் பங்கில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கத்திய காலத்தில் அவரிடம் எனக்குப் பயம் இருந்தது. இப்போது அதுவும் இல்லாமல், வெறும் இளக்காரம்தான் மிஞ்சியிருந்தது. மறுநாள் ஸ்ஃபாக்ஸ் போகும் வாடகை வண்டியில் மகளோடு நானும் ஏறினேன்.

"அமைதி வேணும்னீங்களே. மொத்தத்தையும் நீங்களே வெச்சுக்குங்க," என்று கிளம்பும்போது வாசலில் சொல்லியிருந்தேன்.

"போய்ட்டு வா. நான் இதையும் சும்மா கவனிக்கறேன், கலங்கல," என்றார். கையில் தூரிகை.

முதலில் வந்த தொலைபேசி அழைப்பில் மூக்குக் குரல் இருந்தது. அரிசி எங்கே என்று கேட்டார். அடுத்ததில் அது பாதிதான் இருந்தது. பிறகு ஒரு மதியம், எரிவாயு உருளையை மாற்றத் தெரியாமல் அழைத்தார்.

"எந்தப் பக்கம்டி திருப்பறது? யாரு இதை இப்படி இறுக்கி வெச்சது? அறிவிருக்கா?"

விதாத் ஒலியைக் கூட்டிவைத்தாள். ஷிராஸ் விளையாட்டை நிறுத்திவிட்டு, யார் கத்துவது என்று கேட்டாள்.

"உன் ஜத்தி. மூச்சுப் பயிற்சி செய்யறாரு," என்றேன். விதாத் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுகாலமாயிற்று.

ஒரு வாரம் கழித்து, வாடகை வண்டிக்காரன் ஒருவன் மூலம் சுருட்டிய தாள் ஒன்று வந்தது. விதாதுக்காம். கூடவே அழைப்பும் வந்தது.

"கிடைச்சுதா? அதுல அவளுக்கு ஒரு சேதி இருக்கு."

"என்ன சேதி?"

"மனசால பாத்தா புரியும்."

விதாத் அதைச் சமையலறை வெளிச்சத்தில் விரித்தாள். நீலம், கொஞ்சம் சாம்பல், ஓரத்தில் ஒரு மஞ்சள் தீற்றல். நெடுநேரம் பார்த்தாள். பின்பக்கம் திருப்பி, ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தேடினாள். ஒன்றும் இல்லை. மறுபடி முன்பக்கம் திருப்பினாள். மனுஷனுக்கு வாய் இருக்கிறது, எழுதத் தெரியும், தொலைபேசி இருக்கிறது. ஆனால் 'மன்னிச்சிடு' என்பதை மட்டும் நீலத்தில் கரைத்துத்தான் அனுப்புவார். அதையும் மகள்தான் வடிகட்டி எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுப்பில், முட்டையை உள்ளே வைத்து மடித்த ப்ரிக் எண்ணெயில் பொரிந்துகொண்டிருந்தது. விதாத் தாளைத் தட்டில் பரப்பி, அதன்மேல் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். தாள் நல்ல தாள். எண்ணெயைச் சுத்தமாக உறிஞ்சியது.